ஓர் அறிகுறி, பல நோய்கள்: யோனித் தொற்றுகளை வேறுபடுத்திய வரலாறு

வெள்ளைப்படுதல் ஓர் அறிகுறியேயன்றித் தனிநோய் அன்று. இவ்வேறுபாட்டை மருத்துவ உலகிற்கு உணர்த்தியது நுண்ணோக்கியே ஆகும். 1836-இல் பாரிசில் ஆல்ஃபிரெட் தொன்னே, யோனிக் கசிவில் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் தோடர்லைன், யோனியில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி நோய்க்கிருமிகளைத் தடுப்பதை விளக்கினார்.

ஒட்டுண்ணியோ பூஞ்சையோ காணப்படாத அழற்சி, நெடுங்காலம் காரணம் அறியப்படாததாகவே கருதப்பட்டது. 1955-இல் கார்ட்னர், டியூக்ஸ் ஆகியோர் அதனைப் பாக்டீரியாவுடன் தொடர்புபடுத்தினர். 1983-இல் ஆம்செல் குழுவினர் கசிவின் தன்மை, 4.5-ஐ மிஞ்சும் பி.எச். அளவு, மீன் போன்ற வாடை, பாக்டீரியா படிந்த செல்கள் ஆகிய நான்கனுள் மூன்று இருப்பின் அந்நோய் உறுதியாகும் என வரையறுத்தனர்.

பூஞ்சைக்குரிய மருந்து ஏனைய இரண்டையும் குணப்படுத்தாது. ஆதலின் இவ்வேறுபாடே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. யோனியின் உட்புறத்தைக் கழுவுதல் காப்புப் பாக்டீரியாக்களைக் குலைக்கும் என்னும் இன்றைய எச்சரிக்கை, தோடர்லைன் கண்டறிந்ததன் நீட்சி எனலாம்.