பட்லீ கடற்கரையின் பிரெஞ்சுக் கூழாங்கற்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், பட்லீ சோல்ட்டர்ட்டன் என்றொரு சிறிய கடற்கரை ஊர் உண்டு. முதலாம் எலிசபெத் மகாராணியாரின் காலத்து மாலுமியான சேர் வோல்ட்டர் ராலி பிறந்த பண்ணை வீடு இவ்வூருக்கு அண்மையிலேயே உள்ளது. மில்லே என்ற ஓவியர் 1870ஆம் ஆண்டு காட்சிக்கு வைத்த ‘ராலியின் இளமைப் பருவம்’ என்னும் புகழ்பெற்ற ஓவியத்தில் காணப்படும் கடற்சுவரும் இவ்வூரினதே. ஒரு மாலுமி கடலை நோக்கிக் கைநீட்டிக் கதை சொல்ல, சிறுவன் ராலி வாய்மூடிக் கேட்டிருக்கும் காட்சி அது.

அவ்வோவியத்தை இலண்டன் கண்டு வியப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, அதே கரையில் கிடந்த கூழாங்கற்கள் வேறொரு கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தன. ஆங்கிலேயக் கடற்பெருமையின் தொட்டில் எனக் கருதப்பட்ட அந்தக் கரையின் கற்கள் பிரான்ஸ் தேசத்துப் பாறைகளில் பிறந்தவை என்பதே அக்கதை.

ஊருக்கு மேற்கே கடலை நோக்கிச் செந்நிறச் செங்குத்து மேடொன்று நிற்கிறது. அதில் ஏறத்தாழ 30 மீற்றர் வரை தடிப்புள்ள ஓர் அடுக்கு முழுவதும் வழுவழுப்பான, சற்றே தட்டையான கூழாங்கற்கள் மணலோடு சேர்ந்து இறுகிக் கிடக்கின்றன. இவ்வாறு உருண்ட கற்கள் ஒன்றுதிரண்டு இறுகிய பாறையைப் புவிச்சரிதவியலாளர் கொங்ளோமரேட் என்பர். தமிழில் திரள்பாறை எனலாம். பட்லீயின் திரள்பாறை திரியாசிக் காலத்தின் முற்பகுதியைச் சேர்ந்தது; அதாவது 24 கோடி முதல் 25 கோடி ஆண்டுகள் பழமையானது. மழையும் அலையும் மேட்டை அரிக்க, கற்கள் உதிர்ந்து கடற்கரையை நிறைக்கின்றன.

நீண்ட காலம் செய்தி மேசையில் இருந்தவன் நான். எந்தச் செய்தி வந்தாலும் முதலில் கேட்கப் பழகிய கேள்வி ஒன்றுதான்: இதன் மூலம் எது? செய்தி வெளியான திகதியையும் சம்பவம் நடந்த திகதியையும் குழப்பிக்கொள்ளும் இளம் நிருபர்களைத் திருத்துவதே எங்கள் வேலையின் பாதி. திரள்பாறையிலும் இவ்வாறே இரண்டு திகதிகள் உண்டு. கற்கள் வந்து படிந்த காலம் ஒன்று. ஒவ்வொரு கல்லும் தாய்ப்பாறையில் உருவான காலம் மற்றொன்று. முன்னதை அடுக்கு சொல்லும். பின்னதைக் கல்லை உடைத்துத்தான் கேட்க வேண்டும்.

அவ்வாறு உடைத்துப் பார்த்தவர் எக்சிற்றர் நகரில் வாழ்ந்த வில்லியம் விக்கரி. பட்லீயின் கற்களிற் பெரும்பாலானவை குவாட்சைற் எனப்படும், மிகக் கடினமாக இறுகிய மணற்பாறை. பெரும்பான்மையான கற்களுள் எதுவும் இராது. ஆனால் சிலவற்றை உடைத்தால், கரைந்துபோன கடற்சிப்பிகளின் அச்சுகள் தென்படும். பொறுமையோடு அவற்றைச் சேகரித்த விக்கரி, 1864இல் இலண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் உயிர்ச்சுவடுகளைப் பற்றிய பகுதியை எழுதியவர் ஜோன் வில்லியம் சோல்ற்றர்.

சோல்ற்றர் பிரித்தானியாவின் தொன்மையான கடலுயிர்களைக் கரைத்துக் குடித்தவர். வேல்ஸிலும் ஷ்ரொப்ஷயரிலும் அதே பழமையுள்ள பாறைகளிற் கிடைத்த சிப்பிகளை அவர் நன்கறிவார். பட்லீயின் சிப்பிகள் அவற்றோடு பொருந்தவில்லை. கால்வாய்க்கு அப்பால், நோர்மண்டியில் கான் நகரை அடுத்த மே என்னும் ஊரின் மணற்பாறையிலும், பிரித்தனியின் பாறைகளிலும் உள்ளவற்றோடுதான் பொருந்தின. அவற்றுள் ஒன்று லிங்குலா லெசுவரி. அதனை 1850இல் பிரித்தனியிலிருந்து முதன்முதலில் விவரித்தவர் மரி ரூவோ என்ற பிரெஞ்சுக்காரர். ரென் நகரில் முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே கற்களைத் தேடித் திரிந்து, பின்னர் அறிஞராக மதிக்கப்பட்டவர் அவர். அவருடைய உழைப்பு இல்லாவிடின் சோல்ற்றருக்கு ஒப்பிடுவதற்கு எதுவும் இருந்திராது. மூலத்தை நிறுவ இரண்டு சாட்சிகள் வேண்டும்: கண்டெடுத்த கல் ஒன்று, தாய்ப்பாறையை அறிந்தவர் மற்றொன்று.

பின்னர் தோமஸ் டேவிட்சன் என்ற அறிஞர் இச்சிப்பிகளை விரிவாக ஆராய்ந்து 1881இல் தனிநூலாக வெளியிட்டார். இன்று ஓர்டோவிசியன் எனப்படும் காலத்தவை மட்டுமன்றி, அதற்குப் பல கோடி ஆண்டுகள் பிந்திய டெவோனியன் காலத்தவையும் அக்கற்களில் இருப்பதை அவர் காட்டினார். ஒரே அடுக்கில் தோளோடு தோள் உரசிக் கிடப்பவை எல்லாம் ஒரே பாறையின் பிள்ளைகள் அல்ல என்பது தெளிவாயிற்று.

மறுப்புகள் எழாமலில்லை. கோர்ன்வோலின் தென்கரையில் கோரன் ஹேவன் என்னுமிடத்திலும் ஓர்டோவிசியன் காலத்துக் குவாட்சைற் உண்டு. வீட்டருகிலேயே மூலம் இருக்கும்போது பிரான்ஸ் வரை போவானேன் என்று சிலர் கேட்டனர். கால்வாயின் அடியில் மூழ்கிய மேட்டுநிலமொன்றே தாய்நிலம் என்றனர் வேறு சிலர். ஆனால் கோர்ன்வோலின் அத்துண்டுகளில் உள்ள உயிர்ச்சுவடுகளும் வேல்ஸை விடப் பிரித்தனியோடுதான் உறவு காட்டுகின்றன. அடுக்கின் அமைப்பும் ஒரு சாட்சி. வேகமாக ஓடும் ஆறு தட்டையான கற்களை, நீர் வரும் திசையை நோக்கிச் சரிந்திருக்குமாறு ஒன்றன்மீது ஒன்றாகச் சாய்த்துவிடும். கூரை ஓடுகள் போன்ற அந்தச் சாய்வையும் மணற்படிவின் சரிவையும் அளந்தவர்கள், ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடியது எனக் கண்டனர். கடலுக்கு அடியில் தொடரும் பகுதியையும் சேர்த்து, பிரித்தனி, நோர்மண்டி ஆகிய நிலங்களின் பழம்பாறைத் தொகுதியே மூலம் என்பது இன்று நிலைபெற்றுள்ள கருத்து.

அந்த ஆறு எத்தகையது? எல். ஜே. வில்ஸ் என்ற ஆங்கிலேயப் புவிச்சரிதவியலாளர் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதற்குப் பட்லீயென்சிஸ் ஆறு எனப் பெயரிட்டார். தெற்கே உயர்ந்திருந்த மலைகளிற் பிறந்து, வரண்ட நிலத்தை ஊடறுத்து, இன்றைய இங்கிலாந்தின் நடுப்பகுதியைக் கடந்து வடக்கே ஓடியது அது. பேர்மிங்காமுக்கு வடக்கேயுள்ள கனொக் சேஸ் பகுதியின் திரள்பாறையும் அதே ஆற்றுத் தொகுதியின் வேலை எனக் கருதப்படுகிறது. பட்லீயின் கூழாங்கல் அடுக்குக்கு மேலே, காற்று மணலை வாரி அடித்து முகம் முகமாகச் செதுக்கிய கற்கள் கிடக்கின்றன. ஆறு விலகியபின் அங்கே பாலைவனம் நிலவியது என்பதற்கு அவை சான்று. எகிப்தின் பாலையூடு ஓடும் நைல் நதியை மனக்கண்ணில் நிறுத்திக்கொண்டால் அக்காட்சி ஓரளவு விளங்கும்.

மலைகள் ஏன் எழுந்தன என்பது இன்னும் பழைய கதை. ஓர்டோவிசியன் காலத்தில் இங்கிலாந்தும் பிரித்தனியும் வெவ்வேறு கண்டத் துண்டுகளைச் சேர்ந்தவை. பின்னர் அவற்றுக்கிடையே விரிந்த பெருங்கடலுக்கு ரேயிக் என்று பெயர். இரு கரைகளிலும் வேறு வேறு சிப்பிகள் வாழ்ந்தன. 1864இல் சோல்ற்றர் கண்ட வேறுபாட்டின் காரணம் இதுவே. அக்கடல் மூடி, துண்டுகள் மோதி, ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் மலைகளாயின. மலைகள் தேய்ந்து கற்களாயின. கற்கள் ஆற்றோடு வந்தன. இன்று இரு நாடுகளையும் பிரிக்கும் டோவர் நீரிணையோ வெறும் குழந்தை. அதனை வெட்டிய பெருவெள்ளங்களுள் முதலாவது ஏறத்தாழ 450,000 ஆண்டுகளுக்கு முன்னர்தான் பாய்ந்தது.

இக்கற்களிற் கிடைத்த சிப்பியொன்றுக்கு பட்லீயென்சிஸ் என்றே பெயரிட்டனர். பிரெஞ்சுப் பாறைக்குரிய உயிருக்கு ஆங்கிலேய ஊரின் பெயர்! கண்டெடுத்த இடத்தைப் பிறந்த இடமாகக் கொள்ளும் பழக்கம் மனிதரிடம் எவ்வளவு வலியது என்பதற்கு இது போதும். யார் முன்வந்தவர், யார் பின்வந்தவர் என்ற வாதத்தில் ஒரு தலைமுறையையே இழந்த தீவில் பிறந்த எனக்கு, இந்தப் பெயர் சற்று நெருடவே செய்தது. பட்லீயில் இன்று வந்தேறி எது, மண்ணின் மைந்தன் எது? அந்தக் கல் இல்லாமல் அந்த மேடே இல்லை.

உயிர்ச்சுவடு இல்லாத கல்லையும் பேசவைக்கும் வழி இன்று உண்டு. சிர்க்கோன் என்னும் கனிமத்தின் சிறு மணிகள் யுரேனியத்தைத் தம்முள் அடக்கியுள்ளன. அது குறித்த வேகத்தில் ஈயமாக மாறுவதால், இரண்டின் விகிதத்தை அளந்து மணியின் வயதைக் கணிக்கலாம். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜக் ஹில்ஸ் குன்றுகளில் ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையான திரள்பாறை உண்டு. அதிலிருந்து எடுத்த ஒரு சிர்க்கோன் மணி 440 கோடி ஆண்டுகள் பழமையானது என 2001இல் ‘நேச்சர்’ இதழ் அறிவித்தது. அதன் தாய்ப்பாறை பூமியில் எங்கும் அகப்படவில்லை. வீடு அழிந்து பிள்ளை மட்டும் எஞ்சிய நிலை அது.

இத்தகைய அளவீட்டுக்கு வயது தெரிந்த ஒரு மணி ஒப்புநோக்குக் கல்லாக வேண்டும். கன்பராவின் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் எஸ்.எல். 13 என்ற மணியும், பேர்த்தின் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் சீ.இசட். 3 என்ற மணியும் நெடுங்காலம் அப்பணியைச் செய்தன. இரண்டும் இலங்கைச் சிர்க்கோன்கள். ஏறத்தாழ 57 கோடி ஆண்டுகள் பழமையானவை. இரத்தினபுரியைச் சூழ்ந்த வயல்களின் கீழே, சிங்களத்தில் ‘இல்லம’ எனப்படும் சரளை அடுக்கில் நம்மவர் கூடையால் அரித்தெடுக்கும் இரத்தினக் கற்களுள் சிர்க்கோனும் ஒன்று. அந்தச் சரளையும் மலைநாட்டுப் பாறைகளிலிருந்து ஆறுகள் சுமந்துவந்து சேர்த்ததே. உலகின் மிகப் பழைய மணிகளின் வயதைச் சொன்னது, எங்கள் தீவின் கல்.

பட்லீயின் கற்கள் இன்னும் பயணத்தில்தான் இருக்கின்றன. மேட்டிலிருந்து உதிர்ந்தவற்றைக் கடல் கிழக்கே நகர்த்துகிறது. அவற்றோடொத்த குவாட்சைற் கற்கள் டோர்செற்றின் செசில் கடற்கரையிலும் கிடக்கின்றன. ஓர்டோவிசியன் கடலின் மணலாய்ப் படிந்து, பாறையாகி, மலையாகி, ஆற்றுக் கல்லாகி, மீண்டும் பாறையாகி, இப்போது கடற்கல்லாய் உருள்கின்றன. அவற்றை நாளை எந்தப் பாறை ஏற்கும் என்பதைக் கடல்தான் தீர்மானிக்கும்.