பாண் வந்த வழி

பருத்தித்துறையில் விடியற்காலை. வெதுப்பகத்துப் போறணைக்குள் இன்னும் தணல் கிடக்கிறது. நீண்ட பலகைத் துடுப்பால் பாண்களை வெளியே இழுத்து அடுக்குகிறார்கள். மேல்தோல் முறுகிச் சிவந்திருக்கும். பிய்த்தால் உள்ளே ஆவி பறக்கும் வெள்ளைப் பஞ்சு.

"அண்ணை, ஒரு றாத்தல் பாண் தாங்கோ."

"அச்சுப்பாணோ, றோஸ்பாணோ தம்பி?"

வெதுப்பகம் என்ற பலகை தமிழ். உள்ளே எல்லாம் கடல் கடந்து வந்தவை. றாத்தல் அரபு வணிகர் நிறுத்த நிறை. போறணை போர்த்துக்கேயரின் 'ஃபோர்னோ'. பாணும் அவர்கள் கொண்டுவந்ததே. ஆனால் அதன் பிறந்தகம் அவர்களுக்கும் முந்தியது.

இலத்தீனில் அதன் பெயர் 'பானிஸ்'. உரோமப் பேரரசு சிதைந்து அதன் மொழி கிளை பிரிந்தபோது, இத்தாலியர் 'பானே' என்றார்கள். ஸ்பானியர் 'பான்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் அதை மூக்கால் ஒலித்தார்கள். போர்த்துக்கேயர் வாயில் அது 'பவுங்' என்பது போல் ஆயிற்று: பாதி வகரம், பாதி மூக்கொலி.

அந்த ஒலி கப்பலேறியது. கோவாவில் வகரம் மட்டும் காதில் விழுந்தது. அது 'பாவ்' ஆனது. மும்பையின் பாவ் பாஜி அதன் வழித்தோன்றல். ஜப்பானியர் மூக்கொலியைப் பிடித்துக்கொண்டு 'பன்' என்றார்கள். நாங்களும் மூக்கொலியையே பிடித்தோம்.

1505இல் போர்த்துக்கேயர் இலங்கையில் கரையிறங்கியபோது, கல்லைத் தின்று இரத்தம் குடிக்கும் மனிதர் வந்திருப்பதாக அரசனிடம் சேதி போனதாம். சிங்கள வரலாற்று நூலான இராஜாவலிய இதைச் சொல்கிறது. கல் என்றது பாணை. இரத்தம் என்றது வைனை. அவர்களோ எங்கள் கரையில் கல்லைக் கண்டு, பாறைமுனை என்ற பொருளில் 'பொந்தா தாஸ் பெத்ராஸ்' என்றார்கள். அதுவே ஆங்கிலத்தில் பருத்தித்துறைக்குப் பெயராகி 'பொயின்ற் பீற்றோ' ஆனது.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்து போர்த்துக்கேயரைத் துரத்தினார்கள். அவர்கள் மொழியில் பாணுக்குப் பெயர் 'புரோட்'. 137 ஆண்டுகள் ஆண்டார்கள். கந்தோர் என்ற சொல்லைத் தந்தார்கள், கக்கூசையும் தந்தார்கள். பாணை மட்டும் அவர்களால் அசைக்க முடியவில்லை. பின்னால் வந்த ஆங்கிலேயரின் 'பிரெட்'டும் தோற்றது. ஆட்சி கோட்டையில் மாறும்; சாப்பாட்டின் பெயரை அடுப்படிதான் முடிவு செய்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தரின் கும்பனி இருக்கிறதே, அதன் வயிற்றிலும் பாண்தான் இருக்கிறது. இலத்தீனில் 'கொம்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் பாண். ஒரே பாணைப் பிட்டுத் தின்பவன் கூட்டாளி. கூட்டாளிகள் சேர்ந்தால் கும்பனி. செஞ்சோற்றுக் கடன் என்று சோற்றில் விசுவாசத்தைக் கண்ட எங்களுக்கு இது அந்நியமான எண்ணம் அல்ல. ஆனால் அந்தக் கும்பனி எங்கள் கறுவாவையும் யானையையும் கொண்டுபோனது, பாணைப் பங்கிடவில்லை.

பாண் என்ற ஒலி தமிழுக்கும் பழையது. பாணர் குலத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. யாழ்ப்பாணம் என்ற பெயரை யாழ் வாசித்த பாணன் கதையோடு சேர்த்தே ஊர் சொல்லிவருகிறது. அந்த ஒலிக்குள் இந்த விருந்தாளியும் வந்து குடியேறி, சம்பலோடும் பருப்போடும் உறவாகிவிட்டது.

இன்று பாரிஸில் லா சப்பல் பகுதியில் புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுக் கடையில் பாண் வாங்குகிறார்கள். வீட்டில் அம்மம்மா "பாண் வாங்கினியோ?" என்று கேட்டால், அதைப் பழைய ஊர்ப்பேச்சு என்று சிரிக்க வேண்டாம். கடைக்காரர் சொல்லும் சொல்லும் அம்மம்மா சொல்லும் சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள். பாண் என்றே சொல்லப் பழக்குங்கள்.