துரையின் மைக்கூடு

தென்காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள், தூணோடு ஒரே கல்லாய் நிற்கும் வீரபத்திரனையும் மன்மதனையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் தெய்வங்கள் வேறோர் இடத்திலும் குடியேறின. அங்கே அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. குனிந்து பார்க்க வேண்டும். அந்த இடம், வெள்ளைக்காரத் துரையின் மேஜை.

இந்நாட்டுக்கு வந்ததற்கு அடையாளமாக எதையாவது சீமைக்குக் கொண்டுபோகத் துரைமார்கள் ஆசைப்பட்டார்கள். தாமஸ் டேனியல் 1792-ல் குற்றாலத்துக்கு வந்து, அருவியையே படமாக எழுதி எடுத்துப் போனார். எல்லோருக்கும் சித்திரம் எழுத வருமா? மற்றவர்கள் வெள்ளிச் சாமான்களை நாடினார்கள். இதில் பேர்போனது சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனி. ‘சாமி வேலை’ என்றே அதற்குப் பெயர். தேநீர்ப் பாத்திரம், தட்டு, மைக்கூடு என்று சாமானின் வடிவமெல்லாம் சீமை வடிவம். அதைச் சுற்றி நிற்கும் தெய்வங்கள் நம்முடையவை. 1875-76-ல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகளில், இந்தக் கம்பெனியின் தேநீர்ப் பாத்திரங்களும் உண்டு.

வேலையோ லேசானதல்ல. வெள்ளித் தகட்டை அரக்கின் மேல் படியவைத்து, பின்புறத்திலிருந்து தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்ய வேண்டும். பிறகு திருப்பிப் போட்டு, சிற்றுளியால் கண்ணும் மூக்கும் நகையும் தீர்க்க வேண்டும். ஓர் அடி பலமாக விழுந்தால் தகடு கிழிந்துவிடும். அரக்கு மட்டும்தான் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும்.

இதே கதை அமெரிக்காவிலும் நடந்தது. நவஹோ என்னும் பழங்குடியினர் மெக்சிகர்களிடம் வெள்ளி வேலையைக் கற்று, தங்களுக்கென்று கனத்த நகைகள் செய்து அணிந்தார்கள். 1899 முதல் பிரெட் ஹார்வி கம்பெனி, ரயிலில் வரும் பிரயாணிகளுக்காக எடை குறைந்த சாமான்களைக் கேட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் நவஹோத் தட்டார்கள் தங்கள் சொந்த முத்திரையையே வெள்ளியில் குத்தத் தொடங்கினார்கள்.

நம் மைக்கூட்டைக் கவிழ்த்தால் தெரிவது கம்பெனியின் முத்திரை. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பெயரை எல்லோரும் சொல்கிறோம். வீரபத்திரனைச் செதுக்கிய கை யாருடையது என்று கேட்பதில்லை. பெயரைக் கேளாத வழக்கம் துரையோடு வந்ததல்ல. அதற்கு முன்பே நம்மிடம் இருந்ததுதான். துரை போய்விட்டார். அந்த வழக்கமும் போக வேண்டாமா?