தாம்பரம் ரயிலும் வீட்டு மேசையும்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டு மே மாதத்தில். இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் இதுவே. பாதையின் நீளம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர்.

நீராவி வண்டிகள் இதே பாதையில் முன்பே சென்றுகொண்டுதான் இருந்தன. ஆனால் நின்ற இடத்திலிருந்து விரைவில் வேகமெடுக்கும் ஆற்றல் மின்மோட்டாருக்கே உண்டு. ஆகவே நிலையங்களை நெருக்கமாக வைத்தாலும் நேரம் அதிகம் வீணாவதில்லை. ஜார்ஜ் டவுனில் கணக்கு எழுதுபவர் குரோம்பேட்டையில் குடியிருப்பது இதனால் எளிதாயிற்று. நகரம் தண்டவாளத்தை ஒட்டித் தெற்கே நீண்டது. வடக்கே வேலை, தெற்கே தூக்கம்!

2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பிறகு பழைய மாமல்லபுரம் சாலை நெடுகக் கணினி நிறுவனங்கள் எழுந்தன. வேலை தெற்கே வந்தது. ஆனால் ரயில் பாதைக்கு அருகே வரவில்லை. தாம்பரத்தார் வேளச்சேரிச் சாலை நெரிசலில் சிக்கிக் கிழக்கே போகவேண்டியதாயிற்று.

2019 ஜூன் மாதத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீரும் அரிதாகவே, அச்சாலையிலுள்ள சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. சேலையூரில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவரும் அவ்வாறு வீட்டில் இருந்தார். "அலுவலகத்துக்குத் தண்ணீர் மிச்சம் சார், எங்கள் வீட்டுக்குக் கூடுதல் லாரி" என்றார். தேவை மறையவில்லை, இடம் மாறியது. தொலைவிலிருந்து செய்யும் வேலையைப் பற்றி நகரத் திட்டமிடுவோர் முதலில் அறியவேண்டியது இதைத்தான்.

மறு ஆண்டே கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் நின்ற புறநகர் ரயில்களில் பொதுமக்கள் ஏற டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில், நவம்பரில், வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு இருந்த தொலைத்தொடர்பு விதிகளை மைய அரசு பெரிதும் தளர்த்தியது. இன்று பலர் வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்று இருக்கின்றனர்.

இதில் நகருக்கு ஆதாயம் உண்டா? மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கம்பியில் 2 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்கிறது. அதே மின்னூட்டத்தை 1 ஆம்பியராக இரண்டு மணி நேரம் அனுப்பினால், கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் பாதியாகிவிடும். கூட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். சாலையையும் ரயிலையும் உச்ச நேரத்துக்கு ஏற்பவே அமைக்கிறோம். உச்சம் தணிந்தால் இருப்பதே போதும். ஆனால் எல்லா நிறுவனங்களும் புதன்கிழமையையே அலுவலக நாளாக வைத்தால் உச்சம் தணியாது! நாள்களைப் பங்கிட்டுக்கொள்வதில்தான் ஆதாயம். மறுபுறம், பகலில் காலியாக இருந்த தெருக்களின் மின்மாற்றிகளும் குடிநீர்க் குழாய்களும் பகல் சுமையையும் தாங்கவேண்டும். 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவான தாம்பரம் மாநகராட்சியின் தலையில் இறங்கியுள்ள வேலை இது.

தொலைவேலை என்னும் கருத்துக்கு 1973இல் பெயர் சூட்டிய அமெரிக்கர் ஜாக் நில்ஸ், வீட்டை முதன்மையாகக் கொள்ளவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் அவர் சோதித்தது, ஊழியர் குடியிருப்புகளுக்கு அருகே சிறு கிளை அலுவலகங்கள். எனக்கு இதுவே சரியெனப் படுகிறது. நம் வீடுகளில் தனி அறை ஏது? சென்னையில் 2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட 'முதல்வர் படைப்பகம்' இதற்கு நெருங்கிய முயற்சி. படிக்கும் மாணவர்களும் மடிக்கணினியுடன் வேலை செய்பவர்களும் அங்கே ஒரே கட்டடத்தில் அமர்கின்றனர்.

இத்தகைய கூடங்கள் தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் மிகவும் தேவை. சேலையூர் மாணவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். மேசை, அவருடைய மகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரைதான் அவருக்கு.