குதிரைமலையும் இரு குதிரைகளும்

புத்தளத்திற்கு வடக்கே, வில்பத்துக் காட்டின் கடலோரத்தில் உள்ளது குதிரைமலை. மலை என்பது பெயரளவில்தான், செம்மண் மேடு. முதியவரும் எளிதில் நடந்து ஏறலாம். அதன் வரலாற்றில் நடப்பதுதான் கடினம்.

உரோமப் பேரரசன் கிளாடியசின் காலத்தில் (கி.பி. 41–54), அன்னியஸ் பிளோகாமஸ் என்பவனால் விடுதலை செய்யப்பட்ட அடிமையொருவன், அரேபியக் கரையோரம் கலத்திற் செல்கையில் காற்றால் அலைக்கழிக்கப்பட்டு, 15ஆம் நாள் இலங்கையின் 'இப்புரோஸ்' துறையை அடைந்தான் என்கிறார் பிளினி. கிரேக்கத்தில் 'இப்போஸ்' என்றால் குதிரை. ஆகவே அத்துறை இதுவே என்பர்.

புறநானூற்றுப் பிட்டங்கொற்றனின் குதிரைமலையும் இதுவே என வாதிடுவோர் உண்டு. அவனோ சேரனின் படைத்தலைவன். அவன் மலையைச் சேரநாட்டுப் பக்கமே தேடவேண்டும்.

பெயரொற்றுமை ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்பளிக்காது. அருகிலுள்ள பொம்பரிப்பில் அகழ்ந்தெடுத்த ஈமத்தாழிகள் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை. இரு கரைகளின் உறவுக்கு அச்சான்றே போதும்; பிட்டனின் மலையைக் கடன் வாங்கத் தேவையில்லை.