வாடிக்கையாளர் திறப்பும் முகில் காப்புப்பிரதி மீட்பும்

முகில் சேவையில் இயங்கும் தரவுத்தளம் ஒன்றின் காப்புப்பிரதியை, தரவுக்கு உரியவரே உருவாக்கி ஆளும் திறப்பால் (சாவியால்) குறியாக்கம் செய்து வைத்து, தேவை வரும்போது அதே திறப்பைக் கொண்டு மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவரும் முறை இது. அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகிள் ஆகிய மூன்று நிறுவனங்களும் இந்த வசதியைத் தருகின்றன. வங்கிகளும் வைத்தியசாலைகளும் அரச அலுவலகங்களும் விரும்பும் முறை இது. கவனம் பிசகினால், தரவுக்கு உரியவரையே வெளியில் நிறுத்திக் கதவைச் சாத்திவிடும்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் இந்த விடயத்துக்குத் தனிப் பொருத்தம் உண்டு. ஊர்காவற்றுறை, வேலணை, காரைநகர் ஆகியவை தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்தவை. வேலணைப் பிரதேச செயலகத்தின் கீழ் வரும் நயினாதீவுக்கும், தனிப் பிரதேச செயலகம் கொண்ட நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலக் கடல்வழி. தேசிய மின்வலையமைப்பு எட்டாத நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. இந்திய நன்கொடையில் அங்கே சூரிய, காற்று மின்சாரம் சேர்ந்த கலப்புத் திட்டம் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இப்படியான தீவொன்றில் அலுவலக அறைக்குள் சேர்வரை வைத்து, உப்புக்காற்றிலிருந்து காத்து, பழுதுபட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து ஆளை வருவிப்பதைவிட முகிலில் வைப்பது எத்தனையோ மடங்கு லேசு.

பதிவுக்கு மறுபடி வைக்கும் வழக்கம் இலங்கையில் கணினிக்கு முந்தியது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் ஒரு படி உள்ளூரிலும் மறுபடி பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் காப்பறைகளிலும் இருக்கும். போரில் இடம்பெயர்ந்து சான்றிதழைத் தொலைத்தவர்களுக்கு அந்த மறுபடி தப்பியிருந்தால் விண்ணப்பத்தோடு வேலை முடிந்தது. தப்பாவிட்டால் சத்தியக்கடதாசி, சாட்சி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் என்று அலைச்சல். ஆனால் தாளில் இருந்த மறுபடியை வாசிக்க யாருடைய திறப்பும் தேவைப்படவில்லை. குறியாக்கிய காப்புப்பிரதியில் அது தேவை.

இந்த முறையில் திறப்பு ஒன்றல்ல, இரண்டு. தரவைக் குறியாக்குவது ஒரு தரவுத் திறப்பு. அந்தத் தரவுத் திறப்பையே குறியாக்கி வைப்பது வாடிக்கையாளரின் முதன்மைத் திறப்பு. பெட்டகத்தின் திறப்பை இன்னொரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போன்ற ஏற்பாடு. பூட்டிய தரவுத் திறப்பு காப்புப்பிரதியோடு கூடவே பயணிக்கும். முதன்மைத் திறப்போ திறப்பு முகாமைச் சேவையை விட்டு வெளியே வராது. மீட்கும்போது தரவுத்தளச் சேவை அங்கே போய், பூட்டிய தரவுத் திறப்பைக் கொடுத்து அவிழ்த்துத் தரும்படி கேட்கும். அனுமதி இருந்தால்தான் அவிழும்.

சிக்கல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திரையில் காப்புப்பிரதி பட்டியலில் இருக்கும். திகதி சரியாக இருக்கும், அளவு சரியாக இருக்கும், நிலை ‘தயார்’ என்று காட்டும். மீட்பு என்பதை அழுத்தினால் மட்டும், திறப்பை அணுக முடியவில்லை என்ற பதில் வரும். தரவு பழுதாகவில்லை, கேட்பவருக்கு அந்தத் திறப்பைப் பயன்படுத்தும் உரிமை எழுதப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு கணக்கில் எடுத்த காப்புப்பிரதியை இன்னொரு கணக்கில் மீட்கும்போது இது அடிக்கடி நேரும். அமேசானின் ஆர்டிஎஸ் என்ற தரவுத்தளச் சேவையில், நிறுவனம் தானாகத் தரும் இயல்புநிலைத் திறப்பால் குறியாக்கிய காப்புப்பிரதியை வேறு கணக்கோடு பகிரவே முடியாது. வாடிக்கையாளர் திறப்பென்றால் அதன் கொள்கையில் மற்றக் கணக்கைச் சேர்த்துவிட்டுப் பகிரலாம். பகிர்ந்ததையும் நேரே மீட்க இயலாது. பெறும் கணக்கு முதலில் தனக்கொரு படி எடுத்துக்கொள்ள வேண்டும். வேறொரு பிராந்தியத்துக்கு நகலெடுப்பதானால், போய்ச் சேரும் பிராந்தியத்தில் உள்ள திறப்பைக் குறிப்பிட வேண்டும்.

திறப்பை அழித்தால் என்ன ஆகும்? மீட்பே இல்லை. சேவை நிறுவனத்தைக் கெஞ்சியும் பயனில்லை. அதனால்தான் அழிப்புக்குத் தவணை வைத்திருக்கிறார்கள். அமேசானில் 7 முதல் 30 நாள்வரை காத்திருப்பு உண்டு. அதற்குள் மனம் மாறினால் நிறுத்தலாம். மைக்ரோசொஃப்டின் முகிலான அசூரில் நீக்கிய திறப்பு 7 முதல் 90 நாள்வரை மீட்கத்தக்க நிலையில் இருக்கும். இயங்கிக்கொண்டிருக்கும் ஆர்டிஎஸ் தரவுத்தளத்தின் திறப்பை முடக்கினால் அந்தத் தளம் நின்றுபோகும். 7 நாளுக்குள் திறப்பை இயக்கினால் அதைத் திரும்ப எழுப்பலாம்; தவறினால் காப்புப்பிரதியிலிருந்து புதிதாக மீட்பதே வழி.

பழைய திறப்புகள் இன்னொரு பொறி. பாதுகாப்புக்காகத் திறப்பை ஆண்டுதோறும் மாற்றும் அலுவலகம், பழையது இனி எதற்கு என்று துப்புரவு செய்யப் பார்க்கும். அசூர் எஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் காப்புப்பிரதிகளை 10 ஆண்டுவரை வைத்திருக்கலாம். ஒவ்வொன்றும் எடுக்கப்பட்ட காலத்துத் திறப்பையே கேட்கும். பத்தாண்டுக் காப்புப்பிரதிக்குப் பத்தாண்டுத் திறப்புகளும் வேண்டும். திறப்பு முகாமையைச் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

காப்புப்பிரதி விடயத்தில் இலங்கை அரசே 2023இல் ஓர் அடி பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அளவில் இலங்கை அரச முகிலைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. இணைப்பில் இருந்த காப்புப்பிரதி அமைப்பும் சேர்ந்து குறியாக்கப்பட்டது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சேவையைத் திரும்ப எழுப்பியது. ஆனால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்குக் காப்புப்பிரதி இல்லை. அரச களப்பெயரில் இயங்கிய ஏறக்குறைய 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடக்கம். பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு ஏப்ரல் 11இல் நிறுத்தியிருந்தது. வலையோடு இணையாத காப்புப்பிரதியை நாள்தோறும் எடுப்போம் என்ற அறிவிப்பு தாக்குதலுக்குப் பிறகே வந்தது.

காப்பதற்கென்று செய்யப்படும் குறியாக்கத்துக்கும் கப்பத்துக்காகச் செய்யப்படும் குறியாக்கத்துக்கும் கணிதம் ஒன்றுதான். திறப்பு யார் கையில் என்பதே வேறுபாடு. 2025 ஜனவரியில் வெளிப்பட்ட ‘கோட்ஃபிங்கர்’ தாக்குதல் இதை அப்பட்டமாகக் காட்டியது. களவெடுத்த கணக்கு உரிமைகளோடு நுழைந்தவர்கள், வாடிக்கையாளர் தாமே திறப்பைக் கொண்டுவந்து கொடுக்கும் அமேசான் சேமிப்பு வசதியையே பயன்படுத்தி, உள்ளிருந்த கோப்புகளைத் தங்கள் திறப்பால் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். அந்த வசதியில் அமேசான் திறப்பை வைத்துக்கொள்வதில்லை என்பதால் அதனாலும் அவிழ்க்க முடியாது. திறப்பில் சிக்கலே இல்லாமலும் தரவு போகலாம்: 2025 செப்டெம்பர் 26இல் தென்கொரியாவின் டேஜோன் நகர அரசத் தரவு மையத்தில் மின்கலம் தீப்பிடித்தபோது, வெளிப்பிரதி இல்லாத ‘ஜி-டிரைவ்’ சேமிப்பிலிருந்து 858 டெராபைட் அழிந்தது.

தீவகம் போன்ற இடத்தில் இந்தத் தொழில்நுட்பக் காரணங்களைவிட இடமாற்றம் பெரிய ஆபத்து என்று சொல்லலாம். கஷ்டப் பிரதேசச் சேவைக்கு வரும் உத்தியோகத்தர் சில ஆண்டுகளில் மாறிப்போவார். திறப்பின் உரிமை அவருடைய சொந்தப் பயனர் கணக்கில் எழுதப்பட்டிருந்து, அவர் போனதும் கணக்கு மூடப்பட்டால், பொறுப்பேற்பவருக்குக் காப்புப்பிரதி கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது. உரிமையை ஆளுக்குக் கொடுக்காமல் பதவிக்குக் கொடுப்பதும், இருவர் சம்மதமின்றித் திறப்பை அழிக்க முடியாதபடி பிரித்து வைப்பதும், பொறுப்புக் கையளிப்பின்போது தளபாடப் பட்டியலோடு திறப்புப் பட்டியலையும் ஒப்படைப்பதும் இதற்குப் பரிகாரம். கையளிக்கும் நாளிலேயே புதியவர் ஒரு காப்புப்பிரதியை வெற்றுக் கணக்கொன்றில் மீட்டு, சில பதிவுகளைத் திறந்து பார்த்தால் சந்தேகம் அன்றே தீரும். இப்படிச் சோதிக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2017 ஜனவரி 31இல் கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தின் முதன்மைத் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, நாளாந்தக் காப்புப்பிரதி நெடுநாளாகவே எடுபடாமல் இருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

தரவை எங்கே வைப்பது என்பதில் சட்டமும் குறுக்கிடுகிறது. அமேசான், மைக்ரோசொஃப்ட், கூகிள் மூன்றுக்கும் இலங்கையில் முகில் பிராந்தியம் இல்லை. கிட்ட இருப்பவை இந்தியாவில், சென்னை, மும்பாய் போன்ற இடங்களில். இராமேஸ்வரம் கொழும்பைவிட நெடுந்தீவுக்குக் கிட்ட என்ற வாதம் சட்டத்தின் முன் செல்லாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டபோது, அரச அமைப்புகள் தனிப்பட்ட தரவை நாட்டுக்குள்ளேயே கையாள வேண்டும் என்பதைப் பொதுவிதியாக்கி, விலக்குகளை வரையறுத்தது. தரவு வெளியே இருந்தாலும் திறப்பு உள்ளே இருக்கட்டும் என்போருக்கு, 2022 நவம்பரில் அமேசான் அறிமுகப்படுத்திய வெளித் திறப்புச் சேமிப்பு ஒரு வழி. இதில் முதன்மைத் திறப்பு வாடிக்கையாளரின் சொந்தக் கருவியிலேயே, சொந்தக் கட்டடத்திலேயே இருக்கலாம். அந்தக் கருவிக்கான இணைப்போ மின்சாரமோ நின்றுவிட்டால், அது திரும்பும்வரை மீட்பும் நடக்காது.