பழுதைப் பார்த்தவர் யாரிடம் சொல்வது?

1986 மார்ச் 21. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், டைலர் நகரிலுள்ள புற்றுநோய் மையம். தெரக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரத்தை இயக்கிய பெண் அந்த வேலையில் கைதேர்ந்தவர், தட்டச்சில் படுவேகம். எலெக்ட்ரான் கதிருக்கு ‘இ’ என்று தட்ட வேண்டிய இடத்தில், எக்ஸ்ரேக்குரிய ‘எக்ஸ்’ விழுந்துவிட்டது. கவனித்தவுடன் கர்சரை மேலே நகர்த்தித் திருத்தினார். சிகிச்சை தொடங்கியதும் திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்து இயந்திரம் நின்றது. போன கதிரின் அளவு மிகக் குறைவு என்றும் திரை காட்டியது. இப்படிப்பட்ட எண்கள் அந்த இயந்திரத்தில் அடிக்கடி வந்துபோகும்; கையேட்டிலும் இந்த எண்ணுக்கு விளக்கம் கிடையாது. தொடரச் சொல்லும் ‘பி’ விசையை அழுத்தினார்.

உண்மையில், முதல் தடவையே அளவுக்கு மீறிய கதிர் நோயாளியின் முதுகில் பாய்ந்திருந்தது. எழ முயன்றவர் மேல் இரண்டாவதும் பாய்ந்தது. அறைக்குள் நடப்பதைக் காட்டும் வீடியோவுக்கு அன்று இணைப்பு இல்லை; இன்டர்காமும் பழுது. அவர் வந்து கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே இருந்தவருக்குத் தெரிந்தது. ஐந்து மாதத்தில் அந்த நோயாளி இறந்துபோனார்.

இயந்திரத்தைச் செய்த கனடா அரசு நிறுவனமான ஏஇசிஎல்லின் பொறியாளர்கள் சோதித்துவிட்டு, அளவு மீற வாய்ப்பே இல்லை என்றார்கள். வேறெங்கும் இப்படி நடந்ததுண்டா என்று மருத்துவமனை கேட்டதற்கு, தெரியவில்லை என்று பதில் வந்தது. ஆனால் ஜார்ஜியாவிலும் கனடாவின் ஹாமில்டனிலும் முந்தைய ஆண்டே நோயாளிகள் கருகியிருந்தார்கள்.

ஏப்ரல் 11 அன்று டைலரில் மறுபடியும் அதே 54. இம்முறை மையத்தின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர் இயந்திரத்தை நிறுத்திவைத்து, அந்த ஆபரேட்டரை அருகில் உட்கார வைத்துக்கொண்டார். அன்று என்னென்ன செய்தோம் என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இருவரும் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் சூட்சுமம் பிடிபட்டது: திருத்தத்தை வேகமாகச் செய்து முடித்தால் மட்டுமே பிழை வரும். ஏஇசிஎல் பொறியாளர் நிதானமாகத் தட்டியதால் அவருக்கு அது வரவில்லை. வேகமாகத் தட்டுங்கள் என்று ஹேகர் சொன்ன பிறகு வந்தது. 1985க்கும் 1987க்கும் இடையில் தெரக்-25 மொத்தம் ஆறு பேரை இப்படித் தாக்கியது.

மருத்துவமனையில் இப்படியொரு பழுதைப் பார்த்தவர் அமெரிக்க மத்திய அரசிடம் சொல்லியாக வேண்டும் என்று அப்போது சட்டம் இல்லை. டால்கான் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனம் பல பெண்களுக்குக் கடும் தொற்றை உண்டாக்கிய பிறகு, 1976இல் அமெரிக்கா மருத்துவக் கருவிகளுக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1984இல் வந்த விதி, தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் புகார்களை அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. மருத்துவமனைகளை அது தொடவில்லை. மருத்துவமனையில் நேரும் கருவிக் கோளாறுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட எஃப்டிஏவை எட்டுவதில்லை என்று 1986இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு கண்டது. கோளாறு எவ்வளவு கடுமையோ, அவ்வளவுக்கு அது மறைந்தது.

1990இல் சட்டம் மாறியது. கருவியால் மரணம் நேர்ந்ததாகத் தெரிந்தால் மருத்துவமனை பத்து வேலைநாளுக்குள் எஃப்டிஏவுக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத வேண்டும். ஆனால், மருந்து செலுத்தும் பம்ப் ஓடவில்லை என்றால் வேறொரு பம்பை மாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கவனிக்கப் போவது நர்ஸின் இயல்பு. எழுதினால் பழி தன் தலையில் விழுமோ என்ற பயம் வேறு. 2002இல் எஃப்டிஏ தொடங்கிய ‘மெட்சன்’ திட்டம் இந்த இடைவெளியை நிரப்ப முயன்றது. தேர்ந்தெடுத்த மருத்துவமனைகளின் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆபத்து நேராமல் தப்பிய சம்பவங்களையும் எழுதச் சொன்னது.

இந்தியா இந்தப் பாடத்தை இடுப்பு எலும்பின் வழியாகக் கற்றது. டிப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் செயற்கை இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. இங்கே ஏறத்தாழ 4,700 அறுவைச் சிகிச்சைகள் நடந்திருந்தன. பிற்பாடு மத்திய அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது, மூட்டு பொருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

2015 ஜூலை 6 அன்று காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தில் ‘மெட்டீரியோவிஜிலன்ஸ்’ திட்டம் தொடங்கியது. மருந்தின் பக்கவிளைவைக் கண்காணிக்க ஏற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு; இது கருவிகளுக்கானது. உள்நாட்டிலேயே இதய வால்வு செய்து 1990இல் நோயாளிக்குப் பொருத்திய திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனமும் இதில் பங்கேற்றது. மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையங்கள் வந்தன. மருத்துவர், நர்ஸ், டெக்னீஷியன், பயோமெடிக்கல் இன்ஜினியர் யார் வேண்டுமானாலும் படிவம் அனுப்பலாம்.

படிவம் கேட்பவை சாதாரண விவரங்களே: கருவியின் பெயர், மாடல், பேட்ச் அல்லது சீரியல் எண், என்ன நடந்தது, நோயாளி இப்போது எப்படி, கருவி இப்போது எங்கே. கடைசிக் கேள்வியில்தான் பல புகார்கள் நொண்டும். உடைந்த கதீட்டரும் அதன் உறையும் அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும். பேட்ச் எண் அச்சிட்டிருந்ததோ அந்த உறையில்.